இடது வார்

சல்வீன் ஆற்றோடு போனவருக்கு
முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து
குழம்புச் சட்டியின் அடியைச் சுரண்டும்போதே
எண்ணிவிட்டார்கள்:
வீடு ஒன்று, விதவை ஒருத்தி,
கல்யாணமாகாத தம்பி ஒருவன்.
மீதி இல்லாமல் வந்தது கணக்கு.

மோல்மீனில் நம் சனம் நாற்பது குடும்பம்,
இருப்பதைச் சிதறவிடக் கூடாது என்றார்
கமிட்டித் தலைவர் மரியதாசன், கடைவாயில் வெற்றிலை.
மோசே சொன்னதுதானே, புதிதா என்ன?
அண்ணன் பிள்ளையில்லாமல் செத்தால் தம்பி கொள்ளட்டும்,
செத்தவன் பெயர் நிற்கட்டும்.

பிள்ளையில்லாமலா?
என் மடியில் ஆறு வயது ரோஸ்லின்
தனாக்கா அப்பிய கன்னத்தோடு
கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
ஆண்பிள்ளை, என்று திருத்திக்கொண்டார்.

ஐயர் பாவம். கண்ணாடியை ஏற்றி இறக்கி
வேதத்தில் இரண்டு இடத்தில் விரல் வைத்திருந்தார்.
ஒரு விரலடியில், அண்ணன் மனைவியைத் தொடாதே.
மறு விரலடியில், அண்ணன் மனைவியை விட்டுவிடாதே.
இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் தடிமனுக்குத் தாள்.
அதற்குள் எங்கோ நான்.

எஸ்றா வாய் திறக்கவில்லை.
வழக்கம்போல வாசலில் விட்டிருந்தான் செருப்பை:
கறுப்பு வெல்வெட் வார், இடதில் நூல் பிரிந்தது.
நான் வாழ வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது.
பேன் பார்த்திருக்கிறேன்.
வாய்ப்பாடு தப்பினால் காதைத் திருகியிருக்கிறேன்.
இப்போது இருபத்து மூன்று,
சனிக்கிழமைதோறும் பாஆன் பஸ் ஏறுகிறான்.
அங்கே கரேன் வீட்டில் ஒருத்தி, நோ முவே,
இதே வேதத்தை வேறு மொழியில் படிக்கிறவள்.
கமிட்டிக்கு அது தெரியும்.
கணக்கில் எழுதவில்லை.

அன்றிரவு நானே எடுத்துப் படித்தேன்.
கரண்டு இல்லை. மெழுகு சொட்டிய கறை
இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.
அந்தச் சட்டத்தில்
ஊர்வாசலுக்கு நடந்து போகிறவள் அவள்.
மூப்பர் முன் வழக்கைச் சொல்கிறவள் அவள்.
செருப்பைக் கழற்றுவதும் அவள் கை.
இத்தனை வருஷப் பிரசங்கத்தில்
இதை ஒருவரும் வாசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து
கோயில் படியில் எல்லோரும் செருப்புத் தேடும் நேரம்.
நானும் குனிந்தேன்.
எஸ்றாவின் இடது காலில் அப்போதுதான் ஏறியதை
குதிகாலைப் பிடித்துக் கழற்றினேன்.
இவன் என்னைக் கொள்ள மாட்டான் என்றேன்.
நானும் இவனைக் கொள்ள மாட்டேன்.
பின்னது சட்டத்தில் இல்லை, நான் சேர்த்தது.

முகத்தில் துப்பவும் வேண்டுமாம்.
துப்பவில்லை.
பள்ளிவிட்டு வருகிறவன் கன்னத்து மையை
என் எச்சில் தொட்டுத்தான் துடைத்திருக்கிறேன்.
அது போதும்.

மரியதாசன் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.
அப்போ பெயர்? என்றார்.
ஐயா, இந்த நாட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது.
பக்கத்து வீட்டு ஊ பாவின் பிள்ளைகள் நால்வர்,
நாலு பெயரும் ஒன்றையொன்று தொடாது.
ஆனாலும் அடையாள அட்டையில்
தகப்பன் என்று ஒரு கோடு விட்டிருக்கிறார்கள்.
ரோஸ்லினுக்குப் பத்து வயதாகட்டும்.
அந்தக் கோட்டின்மேல், பர்மிய எழுத்தில்,
வட்டம் வட்டமாக
அவர் உட்கார்ந்திருப்பார்.

இப்போது எங்கள் வீட்டுக்குப் பெயர்
செருப்புக் கழன்றவன் வீடு.
பிள்ளைகள் கத்திக்கொண்டே ஓடுகிறார்கள்.
மோசே நினைத்த அளவுக்கு வெட்கமாக இல்லை.
தபால்காரருக்கு அடையாளம் சொல்ல வசதி.

வீட்டுப் பத்திரத்தைப் பற்றி
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும்.
சனிக்கிழமை பஸ்ஸுக்கு முன்னால்
அந்த இடது வாரைத் தைத்துக் கொடுத்தேன்.
நூல் வெள்ளை.
கறுப்பு தீர்ந்துபோயிருந்தது.